புத்தகம் சுமப்போர்



உதகைக்குச் சென்று திரும்பும் உறவினர் உங்களுக்கு என்ன கொண்டு வருவார்? ஒரு தைலப் புட்டி, வர்க்கி, சாக்லேட், தேயிலைப் பொட்டலம். வசதி படைத்தவராயின் ஒரு கம்பளிச் சால்வை. அந்த மலையில் வாழும் ஒருவர் எழுதிய புத்தகத்தை எவரேனும் கொண்டு வந்து தந்ததுண்டா? எனக்குத் தந்ததில்லை. நானும் எவருக்கும் தந்ததில்லை.

உதகையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் அவலாஞ்சி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும் நிலச்சரிவே, ஆங்கிலேயர் வாய்மொழியில், அவ்விடத்திற்குப் பெயராயிற்று. பிற்காலத்தில் குந்தா நீர்மின் திட்டத்தின்கீழ் அங்கே அணை எழுந்தது. மின் பொறியாளரான கணவருடன் குந்தாப் பகுதியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படகர் வாழ்வை அருகிருந்து கண்டு 'குறிஞ்சித் தேன்' நாவலை எழுதினார். அவருடைய எழுத்தை அச்சேற்றச் சென்னையில் ஆள் இருந்தனர். இன்று அதே மலையில் அமர்ந்து எழுதும், பெயர் பரவாத ஒருவரின் நிலை வேறு. அவரே எழுதி, அவரே அச்சுக்கூலி கொடுத்து, அவரே சுமந்து விற்க வேண்டும்.

அத்தகைய ஒருவரை உதகையில் ஒரு கண்காட்சியில் கண்டேன். அவலாஞ்சிப் பக்கத்துக்காரர். ஒற்றை மேசை, அதன்மேல் ஒரே நூலின் முப்பது பிரதிகள். அவருக்கு அடுத்த மேசையில் தோடர் குலப் பெண்மணி ஒருவர் வெண்துணியில் கறுப்பும் சிவப்புமாய் நூலோட்டிக்கொண்டிருந்தார். வரைபடம் ஏதும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி நகர்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. வந்தவர்கள் வாய்பிளந்து நின்று பார்த்தார்கள், விலை கேட்டார்கள், பலர் பேரமின்றி வாங்கினார்கள். ஒரு பூவேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பது அவர்கள் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

எழுத்தாளர் தம் உழைப்பை எப்படிக் காட்டுவார்? மேசைக்குப் பின்னால் அமர்ந்து எழுதிக் காட்ட முடியுமா? இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இவ்வளவு சிறிய புத்தகத்திற்கு இருநூறு ரூபாயா?" என்று வைத்துவிட்டுப் போனார் ஒருவர். அவர் கையில் இருந்த சாக்லேட் பெட்டி அதைவிட விலை கூடியது.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். இருநூறு ரூபாய் நூலுக்கு அச்சுச் செலவு எண்பது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் நாற்பது விழுக்காடு கழிவு கேட்டால் அதுவும் எண்பது. மிஞ்சுவது நாற்பது, அதுவும் விற்ற பிறகு, பலமுறை நடந்த பிறகு. தாமே மேசை போட்டால், கண்காட்சிகளில் வழக்கமாகிவிட்ட பத்து விழுக்காட்டுத் தள்ளுபடி போக, நூறு ரூபாய் நிற்கும். ஆனால் அதிலிருந்தே பேருந்துக் கட்டணம், மேசை வாடகை, தங்கும் அறை, மூன்று வேளைச் சோறு எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும். பத்து நாள் நின்று முப்பது பிரதி விற்றவர் வீட்டிற்கு என்ன கொண்டு செல்வார்? இல்லத்தரசிகளே, இக்கணக்கு உங்களுக்கு எங்களைவிட நன்றாகவே புரியும்.

மலைக்காரருக்கு இன்னொரு பகையும் உண்டு. கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா பெரும்பாலும் ஜூலையில், ஈரோட்டில் ஆகஸ்டில். தென்மேற்குப் பருவமழை நீலகிரியை அறையும் மாதங்கள் அவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அத்தகைய ஊரில் விற்காத பிரதிகளை எங்கே வைப்பது? கட்டிலின்கீழ் வைத்தால் பூசணம் பிடிக்கிறது. அடுப்படிப் பரணில் வைத்தால் புகை ஏறுகிறது. "ஓர் ஆண்டுக்குள் விற்காவிட்டால் மழை வாங்கிக்கொள்ளும்" என்றார் அவர், சிரித்தபடி.

சுமந்து விற்றவர்கள் நம் மொழியில் சிறியவர்கள் அல்லர். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். முதுமையிலும் 'சுதந்திர தாகம்' நாவலைத் தாமே பதிப்பித்தார். அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல். அவர் மறைந்ததோ 1998இல். நம் சமுதாயத்திலேயே, வற்றல் வணிகம் செய்துகொண்டு எழுதிய தோப்பில் முஹம்மது மீரான், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை 1988இல் சொந்தப் பொறுப்பில்தான் நூலாக்கினார். ஒன்பதாண்டுகளுக்குப் பின் 'சாய்வு நாற்காலி'க்கு அகாதெமி விருது பெற்றார். அந்த முதல் நூலைக் காசு கொடுத்து வாங்கிய சிலர் இல்லாதிருந்தால் அடுத்தடுத்த நூல்கள் என்னவாகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இடையில் ஒரு பழைய செய்தி: சென்னையின் முதல் புத்தகக் கண்காட்சி 1977இல் கூடியது மதரஸா-ஏ-ஆஸம் பள்ளி வளாகத்தில்தான். அறிந்து மகிழலாம். ஆனால் நம் வலிமா விருந்துகளில் தட்டும் குவளையும் பரிசாகக் குவிகின்றனவே, அவற்றினிடையே ஒரு நூலைத் தேடிப் பாருங்கள்!

தமிழக அரசு 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்த முன்வந்தது நல்ல காரியம். நீலகிரிக்காரர் மலையிறங்காமலே மேசை போட அது வழி செய்தது. எனினும் மேசை கிடைப்பது பாதிதான். மேசைக்கு வருவோரில் உறவினரும் நண்பரும் உண்டல்லவா? அவர்கள் செய்வதென்ன? "நமக்கெல்லாம் ஹதியாவாக ஒன்று தரமாட்டீர்களா?" என்று உரிமையோடு கை நீட்டுகிறார்கள். பெட்டிக்கடை வைத்த மச்சானிடம் சர்க்கரையை அப்படிக் கேட்பார்களா? எழுத்தாளரோ முகம் முறிக்க மாட்டாதவர், கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறார். அந்த ஒரு பிரதியின் அச்சுக்கூலி அவர் மனைவியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து போகிறது.

பிறரைச் சொல்வானேன்? வீடு திரும்பியதும் என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். 'அன்புடன்' என்று ஆசிரியர் கையொப்பமிட்ட நூல்கள் பதினொன்று இருந்தன. விலை கொடுத்து வாங்கியவை இரண்டு. அவற்றுள் ஒன்று அன்று உதகையில் வாங்கியது. இருநூறு ரூபாய்த் தாளை நீட்டியபோது, தள்ளுபடி போக இருபது ரூபாய் திருப்பித் தர அவர் சட்டைப்பையைத் துழாவினார். வேண்டாம் என்றேன். விடவில்லை, பக்கத்து மேசைத் தோடர் அம்மாவிடம் சில்லறை வாங்கி என் கையில் வைத்த பிறகே பேனாவைத் திறந்தார்.