லோகோவில் தமிழ் இருந்தால், புள்ளியும் இருக்கட்டும்

சிட்னியில் டூங்காபி, வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் போனாலும் சரி, மெல்பர்னில் டான்டெனாங், கிளென் வேவர்லி பக்கம் போனாலும் சரி, நம்ம ஆட்கள் நடத்தும் கடையோ கேட்டரிங்கோ நடனப் பள்ளியோ கண்ணில் படும். போர்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் ஒரு குத்துவிளக்கு எரியும். இல்லாவிட்டால் மயில், கோபுரம், நடராஜர். சில போர்டுகளில் நாலு பேரும் சேர்ந்தே நிற்பார்கள், ஓரத்தில் ஒரு கங்காருவோடு.

இப்போது நம்ம தலைமுறையிலும் நிறையப் பேர் சொந்தமாக ஏதாவது தொடங்குகிறோம். வீட்டிலிருந்து கேக், வார இறுதியில் வயலின் வகுப்பு, வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன கஃபே. பெயர் முடிவானதும் அடுத்த கேள்வி லோகோ. அப்போது மனதில் ஓடுவது ஒன்றுதான்: "நாம தமிழர்னு பார்த்ததும் தெரியணும்." ஆசை நியாயமானதுதான். ஆனால் லோகோவின் வேலை அது இல்லை. "இது தமிழ்க் கடை" என்று சொல்வதைவிட, "இது அந்தக் கடை" என்று சொல்வதுதான் அதன் வேலை. ஒரே தெருவில் மூன்று குத்துவிளக்கு இருந்தால், வாடிக்கையாளருக்கு எந்த விளக்கு யாருடையது என்று எப்படி ஞாபகம் இருக்கும்?

லோகோவுக்குத் தமிழில் இலச்சினை என்று சொல்வோம். இந்த விஷயம் நமக்குப் புதிதில்லை. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில். ஆளுக்கு ஒன்று. கொடியில் பெரிதாகப் பறந்தாலும் காசில் நகத்தளவு பொறித்தாலும் அது புலி என்று தெரிந்தது. எத்தனையோ போர், எத்தனையோ கோயில் என்று அவர்களுக்கும் சொல்ல நிறைய இருந்தது. அதையெல்லாம் கல்வெட்டில் எழுதினார்கள், கொடியில் திணிக்கவில்லை.

இங்கே ஆஸ்திரேலியாவில் அதே பாடத்தைக் குவாண்டாஸ் விமானத்தின் வாலில் பார்க்கலாம். 1944-ல் அந்த நிறுவனம் எடுத்துக்கொண்ட கங்காரு, அன்றைய ஒரு பென்னி நாணயத்தில் இருந்த கங்காருவைத் தழுவியது. 1947-ல் கெர்ட் செல்ஹெய்ம் என்ற வடிவமைப்பாளர் அதற்குச் சிறகு வைத்தார். 1984-ல் சிறகை எடுத்துவிட்டார்கள். 2007-லும் 2016-லும் உருவம் இன்னும் மெலிந்தது. எழுபது வருடத்தில் அந்தக் கங்காரு சேர்த்துக்கொண்டதைவிட விட்டுக்கொடுத்ததுதான் அதிகம். ஆனாலும் குழந்தைகூட அடையாளம் சொல்லும்.

சரி, படம் ஒன்று போதும். எழுத்து? எனக்கு முக்கியமாகப் படுவது இங்கேதான்.

நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கண்ணில் படும் இடங்கள் ரொம்பக் குறைவு. வாரத்தில் ஒரு நாள் தமிழ்ப் பள்ளி, வீட்டில் சில புத்தகங்கள். வெளியே வந்தால் ஆங்கிலம்தான். அந்த நிலையில் ஒரு கடை போர்டில், ஒரு டேக்அவே பையில், நடனப் பள்ளி டி-ஷர்ட்டில் தமிழ் இருந்தால் அது சின்ன விஷயமில்லை. காரில் போகும்போது பின்சீட்டில் இருந்து "அ... ப்... ப..." என்று எழுத்துக்கூட்டும் குரல் கேட்டால் அந்த போர்டு தன் வேலையைத் தாண்டி இன்னொரு வேலையும் செய்துவிட்டது. ஆனால் அந்த எழுத்து தப்பாக இருந்தால்? தமிழை எப்படி எழுதினாலும் பரவாயில்லை, யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

தப்பு எப்படி வருகிறது என்பதை என் தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். யூனிகோடில் 'தே' என்று அடிக்கும்போது கணினி முதலில் 'த'வைச் சேமிக்கும், பிறகுதான் ஏகாரக் குறியை. திரையில் காட்டும்போது அந்தக் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. 'கோ' என்றால் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். சில டிசைன் மென்பொருள்களில் இதற்கான அமைப்பைத் தனியாக ஆன் செய்யணும். செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். தமிழ் தெரியாத டிசைனருக்கு இரண்டும் ஒரே மாதிரி அழகான வளைவுகள்தான்.

பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் இன்னொரு தொல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வரையும் படங்களிலோ, தமிழ் மாதிரியே தெரிகிற, ஆனால் எந்த எழுத்துமே இல்லாத கோலங்களும் வருவதுண்டு.

எல்லாவற்றையும் விடச் சுலபமாகத் தொலைவது புள்ளி. வாட்ஸ்அப்பின் சின்ன வட்டத்துக்குள் லோகோ சுருங்கும்போதும், சட்டையில் நூலால் தைக்கும்போதும் முதலில் காணாமல் போவது அதுதான். 'அப்பம்' அங்கே 'அபபம' ஆகிவிடும். ஆகவே டிசைனரிடம் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக, எழுத்திலிருந்து சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். முழுப் பெயரும் சின்ன அளவில் நிற்காது என்றால், பெயரின் ஓர் எழுத்தை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். 'அ', 'ழ', 'ஓ' எல்லாம் தனியாகவே நல்ல உருவங்கள்.

ஓர் எழுத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு ரூபாய் குறியீடே சாட்சி. தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் இணைத்து அதை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். இந்திய அரசு அதை 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் அதற்குப் பதிலாக 'ரூ' என்ற எழுத்தைப் போட்டது. நாடு முழுக்க விவாதம் கிளம்பியது. எந்தப் பக்கம் நின்றாலும், எழுத்து வெறும் அலங்காரம் இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது.

இனிக் காகித வேலை. 2008-ல் வூல்வர்த்ஸ் பச்சை நிறத்தில் புது லோகோ கொண்டுவந்தது. டபிள்யூ எழுத்தையே ஒரு பழம் மாதிரி வளைத்த வடிவம். அது தன் ஆப்பிளைப் போல இருக்கிறது என்று 2009-ல் ஆப்பிள் நிறுவனம் ஆட்சேபம் எழுப்பியது. வூல்வர்த்ஸ் அளவுக்கு வக்கீல் வைத்துச் சமாளிக்க நம்மால் முடியாது. அதனால் அச்சடிக்கும் முன்பே ஐபி ஆஸ்திரேலியாவின் இணையதளத்தில் இதே மாதிரி பெயரோ படமோ பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தேடுவதற்குக் காசு இல்லை.

ஆசிக் அமைப்பில் பிசினஸ் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் நம்முடையதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அந்த உரிமையைத் தருவது டிரேட்மார்க் பதிவு. ஒரு முறை பதிந்தால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். இன்னொன்று: வெளி டிசைனருக்குப் பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் லோகோவின் காப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. ஆஸ்திரேலியச் சட்டப்படி பொதுவாக அது வரைந்தவருடையதே. எழுத்தில் மாற்றித் தந்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் உங்களுடையது. டிசைனர் சொந்தக்கார அண்ணாவாக இருந்தாலும் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே எஸ்விஜி அல்லது வெக்டர் பிடிஎஃப் கோப்பும் கேளுங்கள். வெறும் ஜேபெக் கொடுத்தால், போர்டு அளவுக்குப் பெரிதாக்கும்போது ஓரமெல்லாம் உடைந்து தெரியும். வெக்டர் கோப்பில் எழுத்துகளை 'அவுட்லைன்' ஆக்கித் தரச் சொன்னால், எந்த அச்சகத்தில் திறந்தாலும் தமிழ் கலையாது.

கடைசியாக, பணம் கட்டும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்.

ஒன்று, கறுப்பு வெள்ளையில் நகத்தளவு அச்சடித்துப் பாருங்கள். அப்போதும் என்ன என்று தெரியணும்.

இரண்டு, பிள்ளையிடம் ஐந்து விநாடி காட்டிவிட்டு மறுநாள் காலையில் வரையச் சொல்லுங்கள். அவள் விட்டுவிட்டது எல்லாம் லோகோவுக்குத் தேவையில்லாததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று, அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஓரிடத்தில் தடுமாறினால், அந்த எழுத்தைத் திருத்தும்வரை கோப்பை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.