கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?
இனப்பெருக்க நல ஆய்வுகள் குறித்த எங்கள் நிலைப்பாட்டு அறிக்கை

நிலைப்பாடு

மாதவிடாய், கருத்தடை, கருக்கலைப்பு, பிரசவம், கருப்பை நோய்கள் பற்றிய எந்த ஆய்வும், எதைக் கேட்பது என்று அவற்றை அனுபவிக்கும் பெண்களோடு உட்கார்ந்து முடிவுசெய்வதில் தொடங்க வேண்டும். படிவம் அச்சாகி வந்த பிறகு கையெழுத்துக்கு மட்டும் அவர்களைத் தேடுவது போதாது. ஆய்வின் கேள்வி, ஒப்புதல் பெறும் முறை, முடிவுகளின் பயன்பாடு ஆகிய மூன்றிலும் அவர்களுக்கு முடிவெடுக்கும் பங்கு வேண்டும். அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு இதைக் கட்டாயமாக்கக் கோருகிறோம். எங்கள் அமைப்பை நாடிவரும் ஆய்வாளர்களுக்கும் இனி இதுவே நிபந்தனை.

கேட்காததால் தெரியாமல் போனவை

நம் நாட்டின் சுகாதாரத் திட்டங்களில் பெண்ணின் உடல்நலம் நெடுங்காலம் பிரசவத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்கும் அவரது குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையேனும் அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்தான். கர்ப்பமாக இல்லாத பெண்ணிடம் போய் "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்க அதுவரை எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

கருப்பை நீக்க அறுவைச் சிகிச்சையின் கதையும் இதுவே. குஜராத்தில் சேவா அமைப்பு, முறைசாராத் தொழிலில் உள்ள தன் உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு நடத்தியது. பணம் கேட்டு வந்த விண்ணப்பங்களில் கருப்பை நீக்கம் முன்வரிசையில் நின்றது. இது ஏன் என்று அமைப்பே ஆராயத் தொடங்கியது. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்படுவதாக டாக்டர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். எந்த வயதில், எங்கே, எதற்காகக் கருப்பை எடுக்கப்பட்டது என்ற கேள்விகள் 2015-16இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் இடம்பெற்றன. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 ஏப்ரலில்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்களிடையே 2019இல் மாநில அரசின் குழு விசாரித்தது. கணக்கெடுக்கப்பட்ட சுமார் 82,000 பெண்களில் 13,800க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை இல்லை. அங்கே கணவனையும் மனைவியையும் சேர்த்து ஒரே கூலிக் கணக்கில் வைத்துத்தான் முன்பணம் தருகிறார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். அவர்கள் தங்கும் கொட்டகைப் பக்கம் கழிப்பறை கிடையாது. மாதவிடாய் நாட்களில் வலியோடு வெட்ட முடியாதவளுக்கு, கருப்பையை எடுத்துவிடுவது பிழைப்புக்கான வழியாகிவிடுகிறது. அறுவை அரங்கின் பதிவேட்டில் நோயின் பெயர் இருக்கும். அபராதத் தொகை இருக்காது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

நம் பக்கத்திலிருந்து ஒரு சான்று

திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்க, கையில் டேப்லெட்டோடு வந்தவர் "கருக்கலைப்பு செய்ததுண்டா?" என்று கேட்டால், மருமகள் "இல்லைங்க" என்றுதான் சொல்வாள். அதே பெண் நூறு நாள் வேலைத் தளத்தில் தூக்குவாளியைத் திறந்துகொண்டு மரத்தடியில் உட்காரும்போது பேச்சு வேறு மாதிரி வரும்: "மூணாவது தங்குனப்ப மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னேன். ரத்தம் நிக்கவே இல்ல. வீட்ல யாருக்கும் தெரியாது." கணக்கெடுப்பில் பதிவாவது முதல் பதில்தான்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981இல் டி. கே. சுந்தரி ரவீந்திரனும் தலித் பெண்களும் சேர்ந்து தொடங்கிய ரூவ்செக் அமைப்பு இந்த இடைவெளியில்தான் வேலை செய்தது. கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களானார்கள். தகவல் திரட்டுபவர்களும் ஆனார்கள். சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்ரமணியனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, மணமான கிராமப்புறப் பெண்கள் கருக்கலைப்புக்குப் போவதன் காரணங்களைத் தேடியது. மனைவியின் விருப்பமின்றி நடக்கும் உடலுறவும் அந்தக் காரணங்களில் ஒன்றாக வெளிவந்தது. கணவனிடம் மறுப்புச் சொல்வதைவிடக் கருவைக் கலைப்பது சுலபமாக இருந்த வாழ்க்கை அது. "கருத்தடை ஏன் பயன்படுத்தவில்லை?" என்று மட்டும் கேட்கும் ஆய்வு அவர்களை விவரம் அறியாதவர்கள் என்று முடிவுகட்டியிருக்கும்.

கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கங்களுக்கு, கணவனின் வன்புணர்வும் பாலியல் வன்முறையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று கூறியது. செங்கல்பட்டுப் பெண்கள் சொன்னது அச்சேறிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

அறிவியல் தரம் கெட்டுவிடுமா?

ஊர் மக்களைச் சேர்த்தால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும் என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் மூன்று மாவட்டங்களில், பழங்குடியினர் மிகுந்த கிராமங்களில் ஏக்ஜுட் அமைப்பு நடத்திய ஆய்வு இதற்குப் பதில். எந்தப் பகுதியில் பெண்கள் குழு நடக்கும், எங்கே நடக்காது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆய்வின் சட்டகத்தை வகுத்தவர்கள் வல்லுநர்கள். ஆனால் எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது, அதற்கு என்ன செய்வது என்பதை மாதந்தோறும் கூடிய பெண்களே தீர்மானித்தார்கள். கூட்டத்தை நடத்தியவரும் உள்ளூர்ப் பெண்தான். படங்களும் கதைகளும் விளையாட்டுகளுமே கருவிகள். குழுக்கள் நடந்த பகுதிகளில் பச்சிளங் குழந்தை இறப்பு விகிதம் மூன்றாண்டுகளில் 32 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2010இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. புள்ளியியல் கறாரும் பெண்களின் முடிவெடுக்கும் உரிமையும் ஒரே ஆய்வில் இருக்க முடியும்.

மறுபக்கம், பெண்களை ஒதுக்கிவிட்டு நடந்தவற்றையும் பார்த்தோம். 1985இல் ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் நெட்-என் கருத்தடை ஊசியின் பரிசோதனைக்கு வந்திருந்த பெண்களுக்கு, அது பரிசோதனை என்பதே சொல்லப்படவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பினர் அதைக் கண்டுபிடித்து, மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி தடுப்பூசிச் செயல்விளக்கத் திட்டம் நடந்தபோது, பழங்குடிச் சிறுமிகளின் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் திட்டத்தில் இருந்த சில சிறுமிகளின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே விசாரணைக் குழு கருதியது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் அந்தத் தடுப்பூசியை நாங்கள் ஆதரிக்கிறோம். அதனால்தான் சொல்கிறோம்: ஒப்புதலில் நடந்த குளறுபடி, நல்ல மருந்தின் மீதும் மக்களைச் சந்தேகப்பட வைத்துவிட்டது.

சமூகம் என்று யாரைச் சொல்கிறோம்

ஊர்த் தலைவரின் சம்மதம் சமூகத்தின் சம்மதம் ஆகாது. சாதியும் குடும்பமும் பெண்ணின் வாயை அடைக்கும் இடமும் ஊர்தான். மணமாகாத பெண், தலித் பெண், மாற்றுத்திறனாளி, திருநர், குழந்தையில்லாத பெண் ஆகியோர் ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள். எனவே சமூகம் என்று நாங்கள் சொல்வது, ஆய்வுக்குரிய பிரச்சினையை உடலில் சுமப்பவர்களை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரியே கேள்வி கேட்க வந்தால் ரகசியம் தங்குமா என்ற பயம் நியாயமானது. களப்பணியாளர்கள் சொந்த ஊரில் தனிநபர் நேர்காணல் எடுக்கக் கூடாது. ஒரு ஊர்ப் பெண்கள் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். கருக்கலைப்பு, வன்முறை பற்றிய பதிவுகளில் பெயரோ தெருவோ இருக்கக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

1. ஆய்வுக்கு நிதி தரும் அரசுத் துறைகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) கேள்வியை வகுக்கும் கட்டத்துக்கே தனியாகப் பணமும் காலமும் ஒதுக்க வேண்டும். இப்போது முழுத் திட்டமும் எழுதி முடித்த பிறகே பணம் வருகிறது. அதற்குள் கேள்விகள் இறுகிவிடுகின்றன.

2. மருந்துப் பரிசோதனைகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது ஏழு பேர் கொண்ட நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும். டாக்டர்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்து, ஆங்கிலக் கோப்பைப் புரட்டி அவரால் எதையும் மாற்ற முடியாது. இனப்பெருக்க நல ஆய்வுகளைப் பரிசீலிக்கும்போது, அந்தப் பிரச்சினையை அனுபவித்த பெண்கள் இருவராவது இருக்க வேண்டும். ஆவணங்கள் தமிழில் முன்கூட்டியே அவர்கள் கைக்குப் போய்ச்சேர வேண்டும்.

3. பிரசவ வலியில் இருக்கும்போதோ, அறுவை மேசையிலோ வாங்கும் கையெழுத்தை ஒப்புதலாக ஏற்கக் கூடாது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் நாட்களிலேயே வாய்மொழியாக விளக்கி, யோசிக்க நேரம் தந்து கேட்க வேண்டும். மாமியார், முதலாளி, காப்பாளர் உடன் இருக்கக் கூடாது. மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

4. முடிவுகள் ஆய்விதழுக்குப் போகுமுன் தகவல் தந்தவர்களிடம் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டும். அவர்கள் மாறுபட்டால் அந்த மாறுபாடும் அச்சில் வர வேண்டும்.

5. தகவல் திரட்டும் கிராமப் பெண்களுக்கு முறையான சம்பளமும், அவர்கள் உழைப்புக்கேற்ப ஆசிரியர் பட்டியலில் பெயரும் வேண்டும். டீ, சாப்பாடு, பஸ் கட்டணம் ஊதியம் ஆகாது.

நாங்கள் செய்யப்போவது

எங்கள் கூட்டங்களிலிருந்து ஆய்வுக்கு ஆள் சேர்த்துத் தருமாறு மட்டும் கேட்டு வருபவர்களை இனி ஏற்க மாட்டோம். கேள்வியைச் சேர்ந்து வகுக்கத் தயாராக வரும் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் களத்தையும் மொழியையும் திறந்துவிடுவோம். பெண்கள் முன்வைக்கும் கேள்விகளைத் தொகுத்து ஆண்டுதோறும் பொதுவில் வைப்போம்.

முதல் அடியை மருத்துவக் கல்லூரிகளிலேயே எடுக்கலாம். மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலை படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பெரும்பாலும் அரசு மருத்துவமனை வார்டுகளில் படுத்திருக்கும் பெண்களே அதற்குத் தரவு. வரும் கல்வியாண்டில் ஆய்வேட்டுத் தலைப்புகளை முடிவுசெய்வதற்கு முன், அந்த வார்டுகளுக்கு வரும் பெண்களோடு துறைதோறும் ஒரு கலந்தாய்வு நடத்துமாறு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.