வாழைக்கு எத்தனை டிகிரி?

ஓணத்துக்கு முந்தின வாரங்களில் ஏறும் ஏத்தன் வாழையின் விலை, ஓணம் கழிந்ததும் இறங்கிவிடும். குமரி மாவட்டத்து வாழை விவசாயிக்கு இது ஆண்டுதோறும் தெரிந்த கணக்குதான். ஆனாலும் காய் முற்றிவிட்டால் குலையை வெட்டாமல் தீராது. வெட்டிய குலையை அன்றைய விலைக்குக் கொடுக்காமலும் தீராது. இந்த இக்கட்டிலிருந்துதான் குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்ற கோரிக்கை பிறக்கிறது. அது முழுக்க நியாயமான கோரிக்கை. ஆனால் அதோடு ஒரு எண்ணையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்: எத்தனை டிகிரிக் குளிர்? அந்த எண்ணைச் சொல்லாமல் கட்டுகிற கிடங்கு நம்முடைய பழங்களைக் காப்பாற்றாது, கெடுத்துவிடும் என்பதே என் வாதம்.

பச்சை வாழைக்காயை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நாள் வைத்தால் அது காயம்படுகிறது. உறைந்துபோவதால் வரும் கேடு அல்ல இது. உறைவதற்குப் பூச்சியத்துக்கும் கீழே போக வேண்டும். உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வில் பெரும்பங்கு கொழுப்பு. தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே கட்டியாகிறது, அதே சூட்டில் நல்லெண்ணெய் இளகியே இருக்கிறது அல்லவா? செடிகளின் சவ்விலும் இப்படி வேறுபாடு உண்டு. குளிர்நாட்டு ஆப்பிளின் சவ்வு பூச்சியத்தை ஒட்டிய குளிரிலும் இளக்கமாக இருக்கும். வெப்பநாட்டு வாழையின் சவ்வு அதற்கு வெகு முன்பே விறைத்துவிடும். 1970-களில் லயன்ஸ், ரைசன் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. இது மட்டுமே போதாது என்று பின்வந்தவர்கள் வாதிட்டாலும், முதல் அடி சவ்வில்தான் விழுகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. விறைத்த சவ்வு கசியும். தனித்தனியாக இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கும். அரிந்த வாழைக்காய் கறுப்பதைப் போல, அரியாத காயின் தோலுக்கடியிலும் பழுப்புக் கோடுகள் ஓடும். பிறகு அந்தக் காய் ஒழுங்காகப் பழுக்காது. மஞ்சளுக்குப் பதில் சாம்பல் படிந்த நிறம்தான் வரும்.

இதில் விவசாயி கவனிக்க வேண்டியது, சேதம் உடனே தெரிவதில்லை என்பது. கிடங்கிலிருந்து எடுக்கும்போது குலை பெரும்பாலும் பச்சையாக, நன்றாகவே இருக்கும். வெளிச்சூட்டுக்கு வந்து பழுக்கத் தொடங்கிய பிறகுதான் கேடு வெளியே வரும். அதற்குள் குலை வடசேரிச் சந்தையையும் தாண்டி எங்கோ ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். கிடங்குக்காரர் நல்ல காயைத்தான் கொடுத்தேன் என்பார், கடைக்காரர் கெட்ட காய்தான் வந்தது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த குலைக்கு விலை குறைவது விவசாயிக்குத்தான்.

தோல்தானே கறுக்கிறது, உள்ளே பழம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். பழுத்த பழத்தை வீட்டுக் குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வைப்பவருக்கு அது சரி. பச்சைக் காய்க்கு அது பொருந்தாது. சந்தையோ தோலைப் பார்த்தே விலை சொல்லும் இடம். செந்துளுவன் எனும் செவ்வாழையின் மதிப்பில் பாதி அதன் நிறத்தில்தான் இருக்கிறது. தோலில் ஒன்றுமே தெரியாமல் உள்ளே கெடுவதும் உண்டு. 2016-இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். மணம் தரும் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் ஒடுங்கின. வெளிச்சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் பழைய மணம் முழுதாகத் திரும்பவில்லை. மாங்காய், சக்கை (பலா), அன்னாசி எல்லாமே குளிருக்கு அஞ்சுகிற இனங்கள்தான்.

இன்னொரு மறுப்பு வலுவானது. தென் அமெரிக்க வாழைக்காய் வாரக்கணக்கில் குளிர்கப்பலில் பயணம் செய்து ஐரோப்பாவில் பழுத்து விற்கிறதே? உண்மைதான். அந்தக் கப்பல்கள் 13, 14 டிகிரியைத் தாண்டிக் கீழே இறங்காமல் காவல் காக்கின்றன. ஏற்றுவதும் ஏறக்குறைய ஒரே இனமான கேவண்டிஷை, குறித்த முற்றலில் வெட்டி. அந்த வெற்றிக்குக் காரணம் அளவுதான். மாறாக, இந்தியாவின் குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்கை மனத்தில் வைத்து எழுந்தவை. உருளைக்கு ஏற்ற 2 முதல் 4 டிகிரியில் ஏத்தனை அடுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அறை என்பதும் உதவாது: ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் வாழைக்காயைப் பழுக்கத் தூண்டும்.

தனித்தனி அறைக்கு ஏது பணம் என்று கேட்பவர்களுக்கு: 14 டிகிரி அறைக்கு 4 டிகிரி அறையைவிட மின்சாரம் குறைவாகவே செலவாகும். அதைவிடச் சிக்கனமாக, டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த செங்கல், மணல், தண்ணீர் அறை இருக்கிறது, மின்சாரமே வேண்டாம். ஆனால் நீர் ஆவியாவதால் குளிர்வது அது. வறண்ட காற்றில் நன்கு வேலை செய்யும். ஈரம் மிகுந்த நம் காற்றில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. ஆகவே இந்த மாவட்டத்துக்கு மிதமான குளிரைச் சரியாகப் பிடித்து நிறுத்தும் சிறிய அறைகளே, மார்த்தாண்டம் போன்ற சந்தைகளை ஒட்டி, தேவைப்படுகின்றன.

2023-இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மட்டி மெல்லிய தோலும் தனி மணமும் உடையது. கைக்குழந்தைக்கு ஊட்டுகிற பழம். குறியீட்டின் பலன் வெளியூர்ச் சந்தையில்தான் என்றால், மட்டி நெடுந்தூரம் போயாக வேண்டும். கேவண்டிஷுக்குக் கண்ட எண்ணை அதன்மேல் அப்படியே ஒட்ட முடியாது. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மட்டிக்கு, செந்துளுவனுக்கு, ஏத்தனுக்கு எந்த முற்றலில் எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பதை அவர்கள் தமிழில் ஒரே தாளில் தரட்டும். அந்தத் தாளைக் கிடங்கின் கதவிலேயே ஒட்ட வேண்டும். உள்ளிருக்கும் வெப்பமானியின் அன்றாடக் குறிப்பைக் குலை வைத்த விவசாயி கேட்டால் காட்ட வேண்டும் என்பதும் கிடங்கு உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும்.