செஞ்சிக்கு மல்லாட்டை மட்டும் போதுமா? தீவன விதையின் மூன்று வருஷக் கணக்கு

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் இரண்டு கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று நெற்களஞ்சியம், இன்னொன்று குதிரை லாயம். மனுஷனுக்குச் சோறு, குதிரைக்குத் தீனி என இரண்டையும் சேர்த்தே யோசித்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

கோட்டைக்கு வெளியே கணக்கு வேறு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகள் குவிகின்றன. மானாவாரி நிலத்தில் மல்லாட்டை. மாட்டுக்கு? பெரும்பாலும் வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும்தான். நாடு முழுக்கவே சாகுபடி நிலத்தில் சுமார் 4 சதவீதம்தான் தீவனப் பயிருக்குப் போகிறது.

அது என்ன சுழற்சி?

சிம்பிளாகச் சொன்னால், இரண்டு மூன்று வருஷம் வேலிமசால் போன்ற பல்லாண்டுத் தீவனப் பயிர். பிறகு அதை உழுதுவிட்டு கம்பு, சோளம் அல்லது நெல். அதற்கடுத்துதான் மல்லாட்டை.

வேலிமசால் பயறு வகைச் செடி. அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். அடுத்து வரும் தானியப் பயிருக்கு யூரியா செலவு குறையும். மல்லாட்டையைத் தாக்கும் டிக்கா இலைப்புள்ளி நோய், பழைய சருகில் தங்கி அடுத்த மல்லாட்டைக்குத் தாவும். நடுவில் வேறு பயிர் வந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

நிலத்தை வருஷக்கணக்கில் தீவனத்துக்கு விடுவது நமக்குப் புதுசும் இல்லை. கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், கிளுவை வேலி என காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகள் அப்படித்தான் நிற்கின்றன.

விதை எதற்கு?

கம்பு நேப்பியர் புல் கலப்பினம் என்பதால் முளைக்கும் விதை தராது. கரணைதான் நட வேண்டும். வேலிமசால் விதையிலேயே வரும். முதல் அறுப்பு சுமார் 90 நாளில், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. அறுப்பை நிறுத்திக் காய் முற்ற விட்டால் அதே வயல் விதை வயல். மாட்டுக்கும் தீனி, கைக்கும் காசு.

சிக்கல் எங்கே?

காய்கள் ஒரே நேரத்தில் முற்றாது. தாமதித்தால் வெடித்துச் சிதறும். பலமுறை பறிக்க ஆள்கூலி வேண்டும். விதையின் தோல் கெட்டி. சுமார் 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டு, பிறகு இரவு முழுக்க ஊறவைத்தால்தான் நன்றாக முளைக்கும். அதே கெட்டித் தோலால், சிதறிய விதை மண்ணிலேயே கிடந்து அடுத்த பயிரில் களையாக எழும்பும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பெரிய சிக்கல் குத்தகைதான். அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதவர், மூன்று வருஷப் பயிரை எந்த தைரியத்தில் போடுவார்? மண்ணை வளமாக்கிவிட்டு வெளியேறினால் பலன் இன்னொருவருக்கு.

என்ன செய்யலாம்?

தீவன விதையை இலவசமாகக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டால் போதாது. விளைந்த விதையை முன்கூட்டியே பேசிய விலைக்கு வாங்க பால் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வர வேண்டும். குறைந்தது மூன்று வருஷத்துக்கு எழுத்துபூர்வ குத்தகை வேண்டும். விதைச்சான்று வேலை விவசாயியை அலையவிடாமல் வயலுக்கே வர வேண்டும்.

கோட்டைக்குள் களஞ்சியமும் லாயமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. வெளியே வயலிலும் இரண்டும் ஒரே கணக்கில் வரட்டும்.