சிறப்பு நூலகர் ஆவோம்!

"படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால், எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் மருத்துவர், ஆசிரியை, செவிலி என்றே சொல்வோம். 'நூலகர்' என்று யாரேனும் சொன்னால், "புத்தகத்துக்குத் தூசி தட்டவா இவ்வளவு படிப்பு?" என்பார்கள் வீட்டில். இது தவறான எண்ணம் என்பதே எங்கள் கருத்து.

பொது நூலகம் எல்லாருக்கும் உரியது. சிறப்பு நூலகமோ ஒரு தொழிற்சாலை, ஆய்வுக்கூடம் அல்லது மருத்துவமனையின் தேவைக்காகவே நடப்பது. அங்கே ஆய்வு இதழ்கள், தர விதிகள், காப்புரிமை ஆவணங்கள், வரைபடங்களே மிகுதி. பொறியாளர் கேட்பதைத் தேடி, சரிபார்த்து, உரிய நேரத்தில் கொடுப்பது சிறப்பு நூலகரின் கடமை.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணிதம் கற்பித்து வந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். தொடக்கத்தில் அவருக்கே அவ்வேலை சலித்தது. இலண்டன் சென்று பயின்ற பின்னரே அதன் அருமையை உணர்ந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. தொழிற்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான விதி உண்டோ? 1962இல் அவர் பெங்களூரில் தொடங்கிய ஆவண ஆய்வு, பயிற்சி மையம் இன்றும் இக்கல்வியை அளிக்கிறது. ஓசூரில் பேருந்து ஏறினால் போய்ச் சேரும் தூரந்தான்!

எங்கள் சானமாவின் ஒருபுறம் யானைகள் வரும் காடு. மறுபுறம் ஓசூரின் ஆலைகள். இரண்டுக்கும் ஒழுங்கான குறிப்புகள் வேண்டும். யானைகள் எந்த மாதம், எந்த வழியே வந்தன என்னும் பதிவுகளைத் தொகுத்து வைத்தால் கேழ்வரகு விளைவிப்போருக்கும் பயன்படும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழ வளரும் நமக்கு இப்பணி எளிதன்றோ?

"எல்லாம் கணினி சொல்லுமே" என்பர் சிலர். கணினி ஆயிரம் விடை தரும். அவற்றுள் எது பழையது, எது பொய், எது நம்பத் தக்கது என்று பிரிக்கப் பயின்ற ஆள் வேண்டும். காலாவதியான தர விதியை நம்பிச் செய்த இயந்திரம் உயிரையே பறிக்கக்கூடும்.

இத்துறையில் இடங்கள் குறைவு என்பதும் உண்மையே. ஆகவே முதலில் அறிவியலில் பட்டம் பெற்று, பின்னர் நூலகப் பட்டம் பெறுவது நல்லது.

பெற்றோரே! பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பெண்ணை ஆலை வேலைக்கு அனுப்பத் துடிக்கிறீர்கள். உழைப்பு இழிவன்று. ஆனால் மேலும் சில ஆண்டுகள் படிக்க விட்டால், அதே ஆலைக்கு வேண்டிய அறிவைத் தேடித் தருபவளாகவும் அவள் உள்ளே செல்வாள். அந்தச் சில ஆண்டுகளையே நாங்கள் கேட்கிறோம்.