அரை ஸ்பூன் என்றால் எவ்வளவு?

காய்ச்சலில் துவளும் குழந்தைக்கு மருந்து வாங்கப் போனால், "காலையில அரை ஸ்பூன், ராத்திரி அரை ஸ்பூன்" என்று சொல்லி பாட்டிலைக் கையில் கொடுக்கிறார்கள். எந்த ஸ்பூன் என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. மருத்துவக் கணக்கில் டீஸ்பூன் 5 மி.லி., டேபிள் ஸ்பூன் 15 மி.லி. நம் வீட்டில் காபி கலக்கும் ஸ்பூன் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதல்ல.

பூவை முழம் போட்டு வாங்குகிறோம். பூக்காரம்மாவின் கை குட்டை என்றால் நாலு பூ குறையும், அவ்வளவுதான். சாம்பாருக்கு ஒரு கை பருப்பு என்பதும் நல்ல அளவே. பிசகினாலும் பெரிய இழப்பில்லாத இடத்தில் முழமும் கையும் போதும். குழந்தையின் மருந்தில் அந்தத் தாராளம் கூடாது.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. தேவை என்று வைத்துக்கொள்வோம். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி. கொடுக்க வேண்டும், 250 மி.கி. உள்ளது என்றால் 3 மி.லி. போதும். மி.லி.க்கு 100 மி.கி. கொண்ட சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி.தான். மூன்றும் ஒரே மருந்து! சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஒரு டீஸ்பூன் ஊற்றிவிட்டால் 500 மி.கி. உள்ளே போய்விடும். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். அதனால்தான் எடை, பாட்டிலில் அச்சிட்ட வீரியம், மி.லி. மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பாட்டிலோடு வரும் அளவு மூடி 5, 10 மி.லி.க்குப் பரவாயில்லை, அதையும் சமதளத்தில் வைத்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டரை மி.லி.க்கு அது சரிப்படாது. அரை மி.லி. பிசகினாலே மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். அங்கே நுண்கோடுகள் உள்ள, ஊசியில்லாத சிரிஞ்ச்தான் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு மருந்து புகட்டிய பாலாடை மீது எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அது ஊட்டுவதற்கான பாத்திரம், அளப்பதற்கானது அல்ல.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2015-இலேயே, குழந்தைகளின் திரவ மருந்தை மி.லி.யில் மட்டுமே எழுதச் சொல்லிவிட்டது. 1956-இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்ட நாடு நம்முடையது. படியும் ஆழாக்கும் கடைத்தெருவை விட்டுப் போன பிறகும், மருந்துக்கடைப் பேச்சில் ஸ்பூன் மட்டும் ஏன் நீடிக்க வேண்டும்? சீட்டில் மருத்துவர் மி.லி.யில் எழுதட்டும். குழந்தை மருந்து ஒவ்வொன்றுடனும் நிறுவனங்கள் சிரிஞ்ச் வைத்தே விற்கட்டும். அதுவரை, மருந்து தருபவர் சிரிஞ்சின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, "இது வரைக்கும்தாம்மா" என்று காட்டினாலே போதும். எழுத்து தெரியாத பாட்டிகூடச் சரியாகக் கொடுத்துவிடுவார்.