அலபாமாவில் அரசு எங்கே ஒதுங்கி நின்றது?

முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளில் அமெரிக்கத் தென் மாநிலங்களைப் பற்றி ஒரே கதைதான் ஓடுகிறது. வரி குறைவு, தொழிற்சங்கத் தொல்லை கிடையாது, அரசு எதிலும் மூக்கை நுழைக்காது. அதனால்தான் பருத்திக் காட்டில் கார் ஆலை முளைத்ததாம். முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்படுவது அலபாமா. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் கதை நிற்காது.

நேற்றுவரை வெறும் பருத்திக் காடு என்பதே பிசகு. இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கம் பக்கமாகக் கிடைத்த இடத்தில், இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிட்டதை ஒட்டி, 1871-ல் உருவான நகரம் பர்மிங்காம். அங்கே 1882-ல் பற்றவைத்த ஸ்லாஸ் உலைகள் 1971 வரை எரிந்தன. இத்தனை வளம் இருந்தும் அது ஏன் இன்னொரு பிட்ஸ்பர்க் ஆகவில்லை? 1907-ல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அங்கிருந்த பெரிய எஃகு நிறுவனத்தை வாங்கியது. பிறகு ஒரு விநோத விலைக் கணக்கு வந்தது. பர்மிங்காமில் உருக்கிய எஃகை அதே ஊரில், ஆலை வாசலிலேயே வாங்கினாலும், பிட்ஸ்பர்க் விலைக்கு மேல் டன்னுக்கு 3 டாலர், பின்னர் 5 டாலர் கூடுதலாக வைக்க வேண்டும். உற்பத்திச் செலவு பர்மிங்காமில் குறைவு என்பது வேறு விஷயம். பிட்ஸ்பர்க்கை அடிப்படையாக வைத்த விலைமுறையைக் கைவிடும்படி 1924-ல் ஆணையிட்டது மத்திய வர்த்தக ஆணையம், அதாவது அரசு. அந்த ஊரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது தனியார் ஏகபோகம்.

மாநில அரசு அப்போது சும்மா இருந்ததா? சுரங்கங்களுக்குக் கைதிகளை வாடகைக்கு விட்டுக் கொண்டிருந்தது. 1911-ல் பேனர் சுரங்கம் வெடித்து 128 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள். சின்னக் குற்றங்களுக்காக உள்ளே போனவர்களும் அவர்களில் உண்டு. 1928-ல்தான் இந்த முறை ஒழிந்தது. அமெரிக்க மாநிலங்களிலேயே கடைசியாக இதைக் கைவிட்டது அலபாமா.

அடுத்து ஹன்ட்ஸ்வில். 1950-ல் சுமார் 16,000 பேர் வாழ்ந்த ஊர். 2020 கணக்கெடுப்பில் 2,15,006 பேருடன் பர்மிங்காமையே முந்தி மாநிலத்தின் பெரிய நகரமாகிவிட்டது. இதில் சந்தையின் மாயம் என்ன இருக்கிறது? ரெட்ஸ்டோன் ஆயுதத் தளம் 1941-ல் ராணுவம் அமைத்தது. வெர்னர் வான் ப்ரௌனின் ராக்கெட் குழுவை 1950-ல் அங்கே கொண்டுவந்து இறக்கியதும் ராணுவம். மனிதனை நிலவுக்குச் சுமந்த சாட்டர்ன்-5 உருவானது 1960-ல் நாசா தொடங்கிய மார்ஷல் மையத்தில். அந்த வட்டாரத்துக்கு அணை கட்டி மலிவாக மின்சாரம் கொடுத்தது, 1933-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் பிறந்த டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம். எல்லாமே வாஷிங்டன் பணம்.

சரி, கார் ஆலைகள்? 1993-ல் வான்ஸ் என்ற சிற்றூருக்கு மெர்சிடிஸ் வருவதாக அறிவித்தது. வரவழைக்க ஏறத்தாழ 25 கோடி டாலர் சலுகை தரப்பட்டது. வாக்களித்த வேலைகள் 1,500. வகுத்துப் பார்த்தால் வேலை ஒன்றுக்கு 1,65,000 டாலருக்கு மேல். பிறகு ஆலை பெருத்தது, வேலைகளும் பெருகின, அதை மறுக்கவில்லை. ஹோண்டா வந்தது, நமக்கு இருங்காட்டுக்கோட்டையில் பழக்கமான ஹூண்டாயும் 2005-ல் மாண்ட்கோமரியில் கார் தயாரிக்கத் தொடங்கியது. சலுகை கொடுத்தது தப்பு என்றுகூட நான் சொல்ல வரவில்லை. கருவூலத்தைத் திறந்துவிட்டு அதற்குச் சுதந்திரச் சந்தை என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன்.

தொழிற்சங்கம் இந்த மண்ணுக்கே ஒவ்வாது என்பதும் கட்டுக்கதைதான். பர்மிங்காம் சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் சங்கம் ஆழ வேரூன்றியிருந்தது. வான்ஸுக்குப் பக்கத்தில் ப்ரூக்வுட்டில் நிலக்கரித் தொழிலாளர்கள் 2021-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு ஆண்டுகளை நெருங்கியது. 2024 மே மாதம் மெர்சிடிஸ் தொழிலாளர்கள் சங்கத்துக்கு எதிராக வாக்களித்தது உண்மை: எதிர்ப்பு 2,642, ஆதரவு 2,045. இவ்வளவு பேர் ஆதரித்ததை யாரும் மேடையில் சொல்வதில்லை. அந்த வாக்கெடுப்பு நடந்த மாதத்திலேயே, ரகசிய வாக்கெடுப்பு இல்லாமல் தானாக முன்வந்து சங்கத்தை அங்கீகரிக்கும் நிறுவனத்துக்கு மாநிலச் சலுகை கிடையாது என்ற சட்டத்தில் ஆளுநர் கே ஐவி கையெழுத்திட்டார். மூக்கை நுழைக்காத அரசாம்!

மிச்சமிருப்பது குறைந்த வரி. யாருக்குக் குறைவு? மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு. மர வளர்ப்பு நிலத்தைச் சந்தை விலைக்கு மதிப்பிடாமல், விளைச்சலை வைத்துக் குறைவாக மதிப்பிட்டுச் சொத்துவரி போட வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அரிசி, ரொட்டி, பால் வாங்குகிறவர் 2023 ஆகஸ்ட் வரை மாநிலத்துக்கு 4 சதவீதம் கட்டினார். உள்ளூர் விற்பனை வரி அதற்கு மேல் தனி.